உஷார்! பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் சுகரையும் பாருங்கள்

பதினைந்து வயதுப் பையன். இரண்டு நாளாக வாந்தி, வயிற்று வலி. நேற்று இரவிலிருந்து மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குகிறது. வீடே பதறிப்போய் விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்க்கிறது. 98 என்று காட்டுகிறது. “அப்பாடா, ஆக்சிஜன் நல்லா இருக்கு, கொரோனா இல்லை” என்று ஆளாளுக்கு ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள். அஜீரணமாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் பையனைப் படுக்க வைக்கிறார்கள்.

தயவுசெய்து படுக்க வைத்துவிடாதீர்கள்!

நுரையீரலில் ஒரு கோளாறும் இல்லாமல், ஆக்சிஜன் 98, 99 என்று நன்றாக இருக்கும்போதே இப்படி மூச்சு வாங்க வைக்கும் நோய் ஒன்று உண்டு. உடம்பில் இன்சுலின் அடியோடு தீர்ந்துபோய், ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கும் நிலை அது. டாக்டர்கள் டயபட்டிக் கீட்டோஅசிடோசிஸ் என்பார்கள், சுருக்கமாக டி.கே.ஏ. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பெரும்பாலான பிள்ளைகள் சில நாளில் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்பார்கள். “காலையில் பார்க்கலாம்” என்று விட்டால் நினைவிழந்து, உயிரே போகலாம். அந்தப் பையனுக்குச் சுகர் இருக்கும் என்று வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பல பிள்ளைகளுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் இருப்பதே இப்படி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போதுதான் தெரிய வருகிறது.

இதை எழுதத் தூண்டியது 2021-இன் கொரோனா ஊரடங்கு. அந்த ஆண்டு மே 10-ஆம் தேதி தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு வந்தது. 24-ஆம் தேதி முதல் தளர்வுகளும் போயின. ஜூன் 7-க்குப் பிறகு பல மாவட்டங்களில் கொஞ்சம் இளகியிருந்தாலும் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், தஞ்சாவூர், திருவாரூர் என்று 11 மாவட்டங்களில் கெடுபிடி அப்படியேதான் இருந்தது. பஸ் ஓடவில்லை. பெரிய ஆஸ்பத்திரிகள் கொரோனா வார்டுகளாக மாறி நின்றன. பல கிளினிக்குகள் பூட்டிக் கிடந்தன. ஆம்புலன்ஸ்கள் ஆஸ்பத்திரி வாசலில் வரிசை கட்டி நின்ற காட்சியை டிவியில் பார்த்துப் பார்த்து, அந்தப் பக்கம் போகவே மக்கள் நடுங்கினார்கள். அந்த நடுக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கு அந்த நடுக்கம்தான் முதல் எதிரி.

இது வெறும் ஊகமில்லை. ஜெர்மனியில் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2020 மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை, முதல் அலை ஊரடங்கின் இரண்டு மாதங்களில், புதிதாக முதல் வகைச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட சிறுவர்களிலும் பதின்வயதினரிலும் 44.7 சதவீதம் பேர் டி.கே.ஏ. நிலையில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு இதே மாதங்களில் 24.5 சதவீதம். அதற்கும் முந்தைய ஆண்டு 24.1. மருத்துவக் காப்பீடும், கூப்பிடு தூரத்தில் குழந்தை மருத்துவரும் இருக்கும் நாட்டிலேயே இந்த நிலைமை. நோய் தெரிந்து நேரத்தோடு வர வேண்டிய பிள்ளைகள் வீட்டிலேயே காத்திருந்து, முற்றிப்போய் வந்திருக்கிறார்கள். நம் ஊரில் பஸ்ஸும் ஓடாத அந்த மாதத்தில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

உலகிலேயே முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அதிகமாக இருக்கும் நாடு இந்தியா. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2019-ஆம் ஆண்டுக் கணக்கு அப்படித்தான் சொல்கிறது: சுமார் 95 ஆயிரம் பேர். ஆகவே ‘நம்ம பிள்ளைக்கெல்லாம் சுகர் வருமா?’ என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள். இது இனிப்பு தின்று வருவதில்லை. குண்டாக இருப்பதால் வருவதும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வழிதவறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. பரம்பரையில் ஒருவருக்கும் இல்லாத வீட்டிலும் வரும். ஒல்லிப் பிள்ளைக்கும் வரும்.

இந்த நோய் அடையாளம் காட்டாமல் வருவதில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பான். ராத்திரியில் இரண்டு மூன்று தடவை பாத்ரூமுக்கு எழுந்து போவான். படுக்கையை நனைப்பதை எப்போதோ நிறுத்திய பிள்ளை திரும்பவும் நனைப்பாள். சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்க்கும். நம் பாட்டிகளுக்கு இது தெரியும். நன்றாகச் சாப்பிட்டும் சட்டை தொளதொளவென்று ஆகும். எப்போதும் அசதி. பள்ளிக்கூடம் நடக்கும் காலத்தில், “உங்க பொண்ணு அடிக்கடி பாத்ரூம் போறா, வகுப்புல தூங்கி விழறா, என்னன்னு பாருங்க” என்று ஏதாவது ஒரு டீச்சர் சொல்லிவிடுவார். ஆனால் 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிகள், பெரிய வகுப்புகளுக்கு மட்டும் 2021 ஜனவரி, பிப்ரவரியில் திறந்து மார்ச் 22-இல் பிளஸ் டூ தவிர மற்ற வகுப்புகளுக்கு மறுபடி மூடிவிட்டன. அந்த டீச்சரின் கண் அப்போது இல்லை. வீட்டிலோ, ‘வெயில் காலம், தாகம் எடுக்கத்தான் செய்யும். ஆன்லைன் கிளாஸில் உட்கார்ந்தே சோர்ந்துபோகிறான். வெளிச் சாப்பாடு இல்லாததால் இளைத்திருக்கிறான்’ என்று ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு சமாதானம் கைவசம் இருந்தது.

அப்படிப்பட்ட சமாதானங்களை நம்பாதீர்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் போதும், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நம் ஊரில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ வாங்கிய குளுக்கோமீட்டர் தெருவில் நாலு வீட்டிலாவது இருக்கும். புது லேன்செட் ஊசி போட்டுக் குத்திப் பாருங்கள். பாட்டிக்குக் குத்திய ஊசியைப் பிள்ளைக்குப் பயன்படுத்தக் கூடாது. மேலே சொன்ன அடையாளங்களோடு 200-க்கு மேல் காட்டினால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். நாளைக்கு இல்லை, அன்றைக்கே. சோதிக்கும்முன் கையைத் தண்ணீரில் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாம்பழக் காலத்தில் இது முக்கியம். பழம் சாப்பிட்ட விரலில் ஒட்டியிருக்கும் சாறே சுகரைப் பொய்யாக ஏற்றிக் காட்டிவிடும். சானிடைசர் பூசிய ஈரத்தோடும் குத்தக் கூடாது.

சரி, ஏன் அப்படி மூச்சு வாங்குகிறது? உடம்பின் செல்களுக்குள் சர்க்கரை நுழைய இன்சுலின் வேண்டும். அது இல்லாவிட்டால் ரத்தம் முழுக்கச் சர்க்கரை இருந்தும் செல்கள் பட்டினி. பட்டினியைச் சமாளிக்க உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. அப்படி எரியும்போது கீட்டோன் என்ற அமிலப் பொருள் சேர்கிறது. சேரச் சேர ரத்தம் புளிக்கிறது. அந்த அமிலத்தைக் குறைக்க, கரியமில வாயுவை வெளியே தள்ளித் தள்ளி உடம்பு போராடுகிறது. அந்தப் போராட்டத்தைத்தான் நாம் மூச்சு வாங்குவதாகப் பார்க்கிறோம். கூடவே வாந்தி, வயிற்று வலி, வறண்ட நாக்கு, மூச்சில் அழுகிய பழ வாடை. ஆக்சிமீட்டர் ஆக்சிஜனை மட்டும்தான் அளக்கும். அமிலத்தை அதனால் காட்ட முடியாது. மூச்சு வாங்கும் பிள்ளைக்கு ஆக்சிமீட்டர் மாட்டுகிற அதே நேரத்தில் குளுக்கோமீட்டரும் வர வேண்டும். காய்ச்சல் முகாமுக்குப் போனாலும், கொரோனா டெஸ்டுக்கு நின்றாலும், “டாக்டர், சுகரும் ஒரு தடவை பார்த்துடுங்க” என்று நீங்களே கேளுங்கள். ஆயிரம் பேரைப் பார்த்துக் களைத்திருக்கும் டாக்டருக்கு உங்கள் ஒரு வார்த்தை உதவியாக இருக்கும்.

ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியது இன்னும் அதிகம்.

முதல் விஷயம், எல்லாவற்றுக்கும் மேலான விஷயம்: எந்தக் காரணத்துக்காகவும் இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள். காய்ச்சல் வந்தால், கொரோனாவே வந்தால், “ஒண்ணும் சாப்பிடலையே, ஊசி போட்டா லோ ஆயிடுமே” என்று பயந்து அன்றைய ஊசியை நிறுத்திவிடும் வீடுகள் பல. பயம் நியாயமானது, முடிவு தவறு. காய்ச்சலில் உடம்பு சாப்பாடே இல்லாமலும் சர்க்கரையை ஏற்றும். அநேகமாகச் சாதாரண நாளைவிடக் கூடுதல் இன்சுலின் தேவைப்படும். வாந்தியும் பேதியும் ஆகிச் சுகர் இறங்கினால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், போனிலாவது கேளுங்கள். ஆனால் நாள் முழுக்க மெல்ல வேலை செய்யும் அந்த அடிப்படை இன்சுலின், பிள்ளை ஒரு வாய்கூடச் சாப்பிடாத நாளிலும் போயே ஆக வேண்டும்.

காய்ச்சல் நாளில் மூன்று நான்கு மணிக்கு ஒரு தடவை சுகர் பாருங்கள், ராத்திரியிலும் அலாரம் வைத்து எழுந்து பாருங்கள். 250-க்கு மேல் போனால் கீட்டோன் பார்க்க வேண்டும். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் கீட்டோன் ஸ்ட்ரிப் மருந்துக் கடையில் கிடைக்கும். ஒரு டப்பா வாங்கி வீட்டில் வையுங்கள். நிறம் அடர்ந்துகொண்டே போனால் வீட்டில் வைத்துப் பார்க்கும் விஷயமில்லை அது. சுகர் அதிகமாக இருக்கும்போது தண்ணீர், உப்புப் போட்ட நீர்மோர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். சுகர் இறங்கி, சாப்பிடவும் முடியாமல் இருந்தால் கஞ்சி, உப்புச் சர்க்கரைக் கரைசல். குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தாலோ, மூச்சு ஆழமாக வாங்கினாலோ, கூப்பிட்டால் மந்தமாகப் பதில் சொன்னாலோ 108 ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்கள். போனில் முதல் வார்த்தையே “சுகர் உள்ள பிள்ளை, இன்சுலின் போடுறவன்” என்று இருக்கட்டும். 2021 ஊரடங்கில்கூட மருத்துவத்துக்காக வெளியே போக யாரும் தடை போடவில்லை. பழைய சீட்டும் சுகர் நோட்டும் கையில் இருந்தால் எந்தச் சோதனைச் சாவடியிலும் காட்ட முடிந்தது.

இன்னொரு ஆபத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. என் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். ஊரடங்கில் வழக்கமான கடையில் வழக்கமான இன்சுலின் கிடைக்காமல், ‘இதுதான் இருக்கு’ என்று வேறொன்றைக் கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு அடர்த்தியில் வருகிறது. சிரிஞ்சில் இழுத்துப் போடும் பாட்டில்கள் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லியில் 100 யூனிட். 100 அடர்த்தியிலும் பாட்டில்கள் உண்டு. அதற்கேற்ப சிரிஞ்சும் இரண்டு: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 அடர்த்தி இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 யூனிட் இல்லை, 50 யூனிட்! சுகர் தரைமட்டத்துக்கு இறங்கி வலிப்பு வந்துவிடும். மாறாக, 40 அடர்த்தி இன்சுலினை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் போவது வெறும் 8 யூனிட். ஊசி போட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் இருக்கும்போதே டி.கே.ஏ. நெருங்கிவிடும்.

பேனா ஊசி கிடைக்கவில்லை என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சாதாரண சிரிஞ்சில் இழுத்துப் போடும் வேலையையும் சிலர் செய்கிறார்கள். அதே ஆபத்துதான். கடையைவிட்டு இறங்கும்முன் மூன்றைப் பாருங்கள்: இன்சுலினின் பெயர், அடர்த்தி எண், சிரிஞ்சின் மூடி நிறம். பழைய காலி பாட்டிலைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும் இன்சுலின் வேறு, பால்போல இருப்பது வேறு. வேலை செய்யும் வேகம் வேறு. நிறம் மாறியிருந்தால் டாக்டரிடம் கேட்காமல் போடாதீர்கள்.

இரண்டு மாதத்துக்கான இன்சுலின் கையிருப்பில் வைத்துக்கொள்ள முயலுங்கள். குறைந்தது ஒரு மாதம். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக வாங்குகிறவர்கள் அடுத்த தடவை போகும்போதே கூடுதல் நாள்களுக்குக் கேளுங்கள். மாவட்ட ஆஸ்பத்திரி தூரம் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், தொற்றா நோய்ப் பிரிவில் விசாரியுங்கள். வாங்கிய இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள், ஃபிரிட்ஜ் கதவிலோ நடுத்தட்டிலோ இருக்க வேண்டும். ஃபிரீசரில் வைத்து உறைந்துவிட்டால் உருகிய பின்னும் அது உதவாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீடா? மண் பானைக்குள் ஈர மணல் போட்டு, அதில் சின்னச் சட்டியை இறக்கி, பாட்டிலை ஈரம் படாமல் மூடி அதற்குள் வையுங்கள், நிழலில் இருக்கட்டும். நம் ஊர் வெயிலில் இது உண்மையாகவே பயன்படுகிறது. திறந்த பாட்டிலைப் பெரும்பாலும் 28 நாளுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. திறந்த தேதியைப் பேனாவால் அட்டையில் எழுதி வையுங்கள். ஊசி போட்டும் சுகர் காரணமில்லாமல் ஏறிக்கொண்டே போனால் வெயிலில் கெட்டுப்போன இன்சுலினாகவும் இருக்கலாம், புதுப் பாட்டிலை எடுங்கள்.

பணம். இதைப் பேசாமல் தாண்ட முடியாது. 2021-இல் ஒரு ஸ்ட்ரிப் பதினைந்து, இருபது ரூபாய் விலை. ஒரு நாளைக்கு நாலு தடவை பார்க்கச் சொல்கிறார்கள். ஊரடங்கில் அப்பாவுக்கு ஒன்றரை மாதமாக வேலை இல்லை. பிள்ளை வீட்டு நிலைமையைப் பார்க்கிறது. பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் ஊசியின் அளவைத் தானே குறைத்துக்கொள்கிறது, பாட்டில் இன்னும் பத்து நாள் வரட்டுமே என்று. பதின்வயதுப் பிள்ளைகள் இதைச் செய்வார்கள். கேட்டால் சொல்லவும் மாட்டார்கள். பாட்டில் வழக்கத்தைவிட அதிக நாள் வருகிறதா என்று கவனியுங்கள். ஸ்ட்ரிப் குறைவாக இருந்தால் எந்த நேரங்களில் பார்ப்பது அவசியம் என்று டாக்டரிடம் கேட்டு, அந்த நேரத்துக்கு ஒதுக்கலாம். இன்சுலினில் மட்டும் கை வைக்கக் கூடாது. ஊரடங்கில் அக்கம்பக்கத்தில் வசதி உள்ளவர்கள் அரிசி, பருப்புப் பை கொடுத்தார்கள். மிகவும் நல்ல காரியம். அப்படிக் கொடுக்கும்போது, தெருவில் இன்சுலின் போடும் பிள்ளை இருந்தால் ஒரு டப்பா ஸ்ட்ரிப்பும் அந்தப் பையில் சேரட்டும்.

பெரியவர்களின் சர்க்கரைக்கும் பதின்வயதின் சர்க்கரைக்கும் உள்ள வித்தியாசம் பல டாக்டர்களுக்கே சவாலானது. வளரும் பருவத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்த்து வேலை செய்கின்றன. பத்து வயதில் போதுமாக இருந்த அளவு பதினான்கில் போதாது. விடியற்காலையில் காரணமே தெரியாமல் சுகர் ஏறும். மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் சில பெண் பிள்ளைகளுக்கு எகிறும். இத்தனைக்கும் நடுவில் ஊரடங்கில் வாழ்க்கை முறையே தலைகீழானது. ராத்திரி இரண்டு மணிவரை செல்போன்; காலையில் ஆன்லைன் கிளாஸ் முடிந்ததும் மறுபடி படுக்கை; காலை ஊசி பதினொரு மணிக்குப் போனது, இல்லை, போகவேயில்லை. சைக்கிள் மிதித்த கால்கள், கபடி ஆடிய கால்கள் கட்டிலில் கிடந்தன. ஊசியை மட்டும் பழைய அளவில் போட்டுக்கொண்டு மற்ற எல்லாம் மாறியிருந்தால் சுகர் எப்படிக் கட்டுக்குள் நிற்கும்? பள்ளி இல்லாத நாள்களிலும் எழும் நேரத்தையும் சாப்பிடும் நேரத்தையும் ஊசி நேரத்தையும் மட்டுமாவது பள்ளி நாள்போலவே வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடி இருக்கிறது. ஸ்கிப்பிங் கயிறு போதும். வீட்டுக்குள் பாட்டுப் போட்டு ஆடினாலும் சரி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது அளவைத் திருத்த வேண்டும். நேரில் போக முடியாவிட்டால், அரசின் இ-சஞ்சீவனியில் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசலாம். பேசும்முன் கடைசி இரண்டு வாரச் சுகர் எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்களைப் பற்றி அம்மா அப்பாக்களிடம் ஒரு வேண்டுகோள். காலையில் எழுந்ததும் பிள்ளையிடம் கேட்கும் முதல் கேள்வி “எவ்வளவு இருக்கு?” என்று இருக்கிறதா? 300 என்றால் “என்ன தின்னே?” என்பது இரண்டாவது கேள்வியா? ஒரு மாதம் இப்படிக் கேட்டால் நோட்டில் அழகான எண்கள் வரத் தொடங்கும். 110, 120, 130. அத்தனையும் பொய்யாக இருக்கும். திட்டுக்குப் பயந்து எழுதிய எண்களை நம்பி டாக்டரும் அளவை மாற்றமாட்டார். இருபத்துநாலு மணி நேரமும் வீட்டுக்குள்ளேயே, பெற்றோர் கண்முன்னாலேயே இருக்க வேண்டியிருந்த ஊரடங்கு நாள்களில் அந்தக் கேள்வி பிள்ளையை மூச்சு முட்ட வைத்தது. எண் கூடினால் “வா, என்ன பண்ணலாம்னு பார்க்கலாம்” என்று சொல்லுங்கள். மீட்டரின் நினைவகத்தைச் சேர்ந்தே பாருங்கள், போலீஸ் விசாரணைபோல வேண்டாம். அந்த நாள்களில் நண்பர்கள் இல்லை, விளையாட்டு இல்லை, பிளஸ் டூ தேர்வு நடக்குமா நடக்காதா என்று மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்து 2021 ஜூனில் ரத்தானது. அப்படிப்பட்ட சூழலில் எந்தப் பிள்ளையும் சோர்ந்துதான் போகும். அதற்கு மேல் தினம் நாலு ஊசி. பேச்சைக் குறைத்துக்கொண்டு, சாப்பாட்டை வெறுத்து, “எதுக்கு இந்த ஊசி, போட்டு என்ன ஆகப்போகுது” என்று சொல்லத் தொடங்கினால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். இன்சுலினை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள், 104 மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்தால் மனநல ஆலோசனை கிடைக்கும். எடை கூடும் என்று பயந்து ஊசியைத் தவிர்க்கும் பெண் பிள்ளைகளும் உண்டு. திடீரென்று இளைத்தால் பாராட்டாதீர்கள், சுகரைப் பாருங்கள்.

லோ சுகர் பற்றி அனுபவப்பட்ட வீடுகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்று: 70-க்குக் கீழே போனால் சாக்லேட்டைத் தேடாதீர்கள். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108.

இனி வாட்ஸ்ஆப் வைத்தியம். கபசுரக் குடிநீர் கொடுப்பதாக இருந்தால் கொடுங்கள். அதில் கருப்பட்டியும் தேனும் கலக்காதீர்கள். ‘எதிர்ப்புச் சக்தி’ என்று சொல்லி ஒரு நாளைக்கு மூன்று வேளை தேன் கொடுத்தாலும் அது சர்க்கரைதான். ‘இன்சுலின் பழக்கமாயிடும், இந்தப் பொடியைச் சாப்பிட்டா ஊசியே வேண்டாம்’ என்று ஒரு வீடியோ சுற்றுகிறதே, அதை நம்பினால் பிள்ளை இருக்காது. நோய் கண்டறிந்த முதல் சில மாதங்களில் சில பிள்ளைகளுக்கு இன்சுலின் தேவை மளமளவென்று குறையும். மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்ச நாள் வேலை செய்வதால் வரும் தற்காலிக இளைப்பாறல் அது. அந்த நேரம் பார்த்துப் பொடி கொடுத்தவர் ‘குணமாக்கிவிட்டேன்’ என்று பேர் வாங்கிக்கொள்வார். சில மாதம் கழித்துச் செல்கள் முற்றாக ஓய்ந்ததும் பிள்ளை ஐ.சி.யூ.வில் இருக்கும். அதற்குள் அவர் போன் எண் மாறியிருக்கும்.

இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டு 2021-ஓடு நூறு ஆண்டு ஆனது. 1921-இல் கனடாவின் டொரண்டோவில் பேன்டிங்கும் பெஸ்ட்டும் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரி 11-ஆம் தேதி அது முதன்முதலாக ஏற்றப்பட்டது ஒரு பதினான்கு வயதுப் பையனுக்கு. பெயர் லெனார்டு தாம்சன். பட்டினிச் சிகிச்சையில் எலும்பும் தோலுமாகி, முப்பது கிலோகூட இல்லாமல் டொரண்டோ பொது மருத்துவமனையில் கிடந்தான். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. மருந்தைச் சுத்தப்படுத்தி, 23-ஆம் தேதி மறுபடி போட்டார்கள். சர்க்கரை இறங்கியது, கீட்டோன் மறைந்தது, பையன் எழுந்துகொண்டான். இன்னும் பதின்மூன்று ஆண்டு வாழ்ந்தான். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகள் சில மாதங்களிலோ மிஞ்சினால் ஓரிரு ஆண்டிலோ இறந்துபோனார்கள். எந்தப் பொடியும் எந்தக் கஷாயமும் அவர்களைக் காப்பாற்றவில்லை.

ஸ்டீராய்டு மாத்திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆக்சிஜன் குறைந்த கொரோனா நோயாளிக்கு டாக்டர் தரும் மருந்து அது. 2021-இன் இரண்டாவது அலையின் பயத்தில் பலர் சீட்டில்லாமல் வாங்கி வீட்டில் வைத்திருந்தார்கள். லேசான காய்ச்சலுக்கு அதைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்குக் கொடுத்தால் சுகர் 400, 500 என்றுகூடப் பாயலாம். அந்த அலையின்போது கறுப்புப் பூஞ்சை பற்றிப் படித்திருப்பீர்கள் அல்லவா? கட்டுக்கடங்காத சர்க்கரையும் கண்டபடி போட்ட ஸ்டீராய்டும் சேரும் இடத்தில்தான் அது அதிகம் வருகிறது. டாக்டர் சொன்னால் தவிர வேண்டவே வேண்டாம்.

பருமனான பிள்ளைகளுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை வேறு கதை. பின்கழுத்தும் அக்குளும் கறுத்துத் தடித்து வெல்வெட் துணிபோல ஆவதை அழுக்கு என்று நினைத்துத் தேய்க்காதீர்கள். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அறிகுறி. இதில் ஓடிப்போக வேண்டிய அவசரம் பெரும்பாலும் இல்லை. ஆனால் பிறகு பார்க்கலாம் என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது.

2021 ஜூனில் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நம் நாட்டில் கொரோனா தடுப்பூசி வந்திருக்கவில்லை. அன்றும் இன்றும் பிள்ளைக்குக் கவசம் நீங்கள்தான். அம்மா அப்பா இருவருமே ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் பிள்ளைக்கு ஊசி போடுவது யார்? சித்தியோ மாமாவோ பக்கத்து வீட்டு அக்காவோ, ஒருவருக்கு இன்றைக்கே கற்றுக்கொடுங்கள். எந்த இன்சுலின், எத்தனை யூனிட், எத்தனை மணிக்கு, லோ ஆனால் என்ன செய்வது, எந்த டாக்டர் எண்: ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

இந்தப் பக்கத்தை மூடியதும் எழுந்துபோய் வீட்டில் இன்சுலின் எத்தனை நாளுக்கு இருக்கிறது, பாட்டிலில் இருப்பது 40-ஆ 100-ஆ, சிரிஞ்ச் மூடி என்ன நிறம், கீட்டோன் ஸ்ட்ரிப் இருக்கிறதா என்று பாருங்கள். சுகர் இல்லாத வீட்டாரும் இதைப் படிக்கிறீர்கள். உங்கள் தெருவில் ஒரு பிள்ளை தண்ணீர் குடித்துக் குடித்து இளைத்துக்கொண்டிருந்தால், அந்த அம்மாவிடம் போய் இன்றே சொல்லுங்கள். அவசரத்துக்கு 108. சந்தேகத்துக்கு 104. இரண்டு எண்ணிலும் ராத்திரியிலும் போனை எடுப்பார்கள்.